தொட்டிச் சுவரில் பொய்மல்லிகை

மத்தியானம் படுக்கப் போகும்போது எட்டுக் கொடிகளும் கட்டில்லாமல்தான் தொங்கின. கயெத்தானோவுக்கு அதில் சந்தேகமே இல்லை. காலையில் அவரே குழி தோண்டி, அவரே நட்டு, தண்ணீர் ஊற்றி, சுவர் நெடுக இழுத்திருந்த கம்பிகளில் நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர். நான்கு மணிக்கு எழுந்து வந்து பார்த்தால், வலமிருந்து மூன்றாவது கொடி மட்டும் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. பிளாஸ்டிக் கட்டு இல்லை, சணலும் இல்லை. வில்லோ மரத்தின் பச்சை விளார். இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, மிச்ச நுனி இடப்பக்கமாகக் கீழே செருகியிருந்தது.

தெற்கு இத்தாலியில், சலெந்தோ பக்கத்தில், திராட்சைக் கொடி கட்டுகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு முடிச்சு உண்டு. தோட்டத்தில் நடந்துபோகிறவன், இந்த வரிசை இன்னான் கட்டியது என்று முகம் பார்த்த மாதிரி சொல்லிவிடுவான். இடது கையால் முறுக்கி நுனியை இடப்பக்கம் செருகுகிறவன் கயெத்தானோ பார்த்த வரையில் ஒருத்தன்தான். வீத்தோ.

வீத்தோ எங்கே இருக்கிறான் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தக் கட்டுக்கு ஒரு சாண் பின்னால், கான்கிரீட்டுக்குள், நின்றபடி.

கத்தியை எடுத்து விளாரை அறுத்தார். ஈரப் பட்டையின் வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டும் போகவில்லை. இரவு காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தக்காளி பிழிந்து வாயில் வைத்தபோது தக்காளியிலும் அதே வாசனை.

தோட்டத்தின் நட்டநடுவில் அந்தப் பழைய தண்ணீர்த் தொட்டி அசிங்கமாகத்தான் நின்றது. ஒன்றரை ஆள் உயரம், பன்னிரண்டு அடி நீளம், தலையில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு. சுற்றிலும் இருந்த ஒலிவ மரங்கள் நோய் வந்து பட்டுப்போய் வெட்டப்படும் வரைக்கும் அது கண்ணில் படாமல் இருந்தது. மரங்கள் போனபின் வீட்டின் எந்த ஜன்னலைத் திறந்தாலும் அதுதான். மகள் நூன்சியா வடக்கே பொலோன்யா நகரத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கட்டிக்கொள்ளப் போகிற ஏத்தொரே அங்கே கட்டட எஞ்சினியர். கல்யாண விருந்தை இந்தத் தோட்டத்தில்தான் வைக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"அப்பா, இந்தச் சனியனை இடிச்சுட்டு நீச்சல் குளம் வெட்டலாம். ஏத்தொரேவோட ஆளுங்க ரெண்டு நாள்ல முடிச்சுருவாங்க" என்றாள் நூன்சியா.

"இடிக்க வேணாம்மா. உங்கம்மா இருந்த காலத்துத் தொட்டி."

"அம்மாவுக்கே இதப் பாத்தா ஆகாது. சமாதி மாதிரி இருக்குன்னு அவங்கதான் சொல்வாங்க."

கயெத்தானோ அவசரமாகக் குறுக்கிட்டார். கொடி ஏற்றி மறைத்துவிடுகிறேன் என்றார். அவள் ஒரு கெடு வைத்தாள். ஜூன் மாதம் கல்யாணத்துக்குள் ஒரு விரல் அளவு கான்கிரீட்கூடத் தெரியாமல் மூடிவிட்டால் தொட்டி இருக்கட்டும். இல்லையென்றால் கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை மிஷின் வரும்.

உள்ளூரில் வாங்கினால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள் என்று, கடற்கரைச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு நர்சரிக்கு வண்டியை விட்டார். அங்கே தொட்டிச் செடிகளுக்கு நடுவிலிருந்து, முழங்கை வரைக்கும் முள் கீறிய கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தவள் ஒரோன்சா. வீத்தோவின் மனைவி.

"வாங்க தோன் கயெத்தானோ. எதை மறைக்கணும்?"

அவர் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

"ஏன் முழிக்கறீங்க? கொடி வாங்க வர்றவங்க எல்லாருமே எதையோ மறைக்கத்தான் வர்றாங்க. ஒருத்தருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சுவரு, இன்னொருத்தருக்கு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. உங்களுக்கு?"

"தொட்டி."

"அந்தத் தொட்டியா! இடிச்சுப் போட வேண்டியதுதானே?"

"தண்ணிக்கு வேணும்."

"அதுல தண்ணி நின்னு எத்தன வருஷமாச்சு?" என்று சிரித்தாள். செடி வரிசைகளுக்குள் முன்னால் நடந்தாள். "ஐவி வைங்க. கட்டவே வேணாம், தானா ஏறும். கீறல் இருந்தாப் போதும், வேரை உள்ள விட்டு என்ன இருக்குன்னு பாத்துடும்."

"வேணாம்."

"விஸ்டீரியா? இரும்புக் கிராதியையே முறுக்கிப் பிடுங்கும். அம்பது வருஷச் சுவரெல்லாம் வாயப் பொளந்துரும்."

"அது வேணவே வேணாம்."

"காகிதப்பூ? உங்க தொட்டி வடகாத்த நேரா வாங்கற இடம். ஜனவரில மொட்டையாயிடும். எலும்பு தெரியும்."

"குளிர்லயும் இலை நிக்கணும். சுவருக்குள்ள வேர் போகக் கூடாது. ஜூனுக்குள்ள மூடணும்."

"பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடினப்பக்கூட இத்தன கேட்டிருக்க மாட்டீங்க." ஓரமாக நின்ற உயரமான செடித்தொட்டிகளைக் காட்டினாள். கரும்பச்சை இலை, மெழுகு தேய்த்த மாதிரி. "பொய்மல்லிகை. வருஷம் பூராவும் இலை இருக்கும். ஜூன்ல பூத்தா இலையே தெரியாது. சுவரைத் தொடவே தொடாது. அதனாலேயே ஒண்ணு இருக்கு, தோன் கயெத்தானோ. தானா ஏறாது. முழத்துக்கு ஒரு கட்டு போடணும். கட்டறதுக்குக் கைதேர்ந்த ஆளு வேணும். இருக்கா?"

"நானே கட்டிப்பேன்."

"உங்க கைக்கு அந்த வேலை வராது. எங்க வீட்டுக்காரர் இருந்தா ஒரே நாள் வேலை."

வீத்தோ ஜெர்மனிக்குப் பிழைக்கப் போய்விட்டான் என்றுதான் ஊரில் பேச்சு. கேட்கக் கூடாது என்று நினைத்தபடியே கேட்டார். "ஜெர்மனியிலேர்ந்து ஏதாவது தகவல்?"

ஒரோன்சா அவரை நிதானமாகப் பார்த்தாள். "ஜெர்மனியில குளிராமே. போறவன் மேல்கோட்டை எடுக்காம போவானா? ஒம்போது வருஷமா அலமாரியில தொங்குது. மாசம் ஒருதரம் உதறி வைக்கறேன்."

வண்டியில் எட்டுச் செடிகளை ஏற்றிவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு வில்லோ விளாரையும் வைத்தாள். "இது கொசுறு. அவரு நட்ட மரத்துல வெட்டினது. பிளாஸ்டிக்கு தண்ட அறுக்கும். இதுலயே கட்டுங்க."

திரும்பும் வழியில், மூன்றாவது வளைவில், கயெத்தானோ அந்தச் சாக்கைச் சாலையோரப் பள்ளத்தில் வீசினார். அது உருண்டுபோய்த் தண்ணீரில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தபிறகுதான் வண்டியை எடுத்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஆகஸ்டில், பன்னிரண்டரை மணிக்கு மேல் வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று அரசாங்கமே தடை போட்டிருந்தது. தொட்டியின் முன்சுவர் கசிந்தது. பழைய சுவருக்கு முன்னால் பலகை அடைத்து, இடைவெளியில் கான்கிரீட் ஊற்றிப் புதுச் சுவர் எழுப்ப ஏற்பாடு. கலவை லாரி இரண்டரைக்கு வரும். இடைவெளிக்குள் விழுந்து கிடந்த சில்லுகளை அள்ள ஒருத்தன் இறங்க வேண்டும். ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். குளிர்காலத்தில் கொடி கட்டுவதும் கோடையில் சித்தாள் வேலை பார்ப்பதுமாக இருந்த வீத்தோ, பதிவில்லாத கூலி. "கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு இறங்கறேன் முதலாளி" என்றான். "ஏறி வந்து குடிச்சுக்கலாம், இறங்குடா" என்றார் கயெத்தானோ. மணி ஒன்றே முக்கால்.

இரண்டேகாலுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தபோது, அவன் விழக்கூட இடமில்லாமல் நின்றவாக்கில் தலை தொங்கிக் கிடந்தான். கூப்பிட்டார். கல்லை விட்டெறிந்தார். அசைவில்லை. பதிவில்லாத ஆள், தடை போட்ட நேரம், ஒரு சாவு. ஜெயில், நிலம், வீடு எல்லாம் ஒரு நொடியில் கண்ணில் ஓடியது. லாரி வாசலில் ஹாரன் அடித்தது. ரெடியா என்று டிரைவர் கத்தினான். ஊத்து என்றார்.

பாதி ஊற்றியபோது உள்ளிருந்து பலகையைத் தட்டும் சத்தம். டொக். டொக். டொக். லாரி இரைச்சலில் டிரைவருக்குக் கேட்கவில்லை. கயெத்தானோவுக்குக் கேட்டது. நிறுத்தச் சொல்லி அவர் கையைத் தூக்கவில்லை.

இப்போது, கொடி நட்ட மறுநாள் மத்தியானம் மூன்று கட்டு. அதற்கடுத்த நாள் பதினொன்று. ஒரு வாரத்தில் எட்டுக் கொடியும் விசிறி மாதிரி பிரிக்கப்பட்டு, தண்டு நசுங்காமல், முனை ஒடியாமல், முழத்துக்கு ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. எப்போதும் அந்த நேரத்தில்தான். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உறங்கும் ஒன்றரைக்கும் நாலுக்கும் நடுவில். அந்த நேரத்தில் வெளியே திரிகிறவன் உயிருள்ளவன் இல்லை என்று சொல்லித்தான் அந்தப் பக்கத்தில் பிள்ளைகளைப் படுக்க வைப்பார்கள்.

ஒரோன்சாதான் திருட்டுத்தனமாக வந்து கட்டுகிறாள் என்று கயெத்தானோ தன்னையே நம்பவைத்துக்கொண்டார். வெளிக்கதவுக்குப் புதுப் பூட்டு போட்டார். கிழட்டு நாயை அவிழ்த்துவிட்டு, ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார். நாய் தொட்டிச் சுவருக்கு எதிரே போய் உட்கார்ந்தது. குரைக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து வந்தவரைக் கண்டதுபோல வாலால் தரையை மெல்ல அடித்துக்கொண்டே இருந்தது. சுவர்ப்பக்கம் யாருமில்லை. இலைகள் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, இடமிருந்து வலமாக, ஒதுங்கி ஒதுங்கி மூடின.

பொய்மல்லிகை குளிரில் தூங்க வேண்டிய கொடி. இது ஜனவரியிலும் ஏறியது. பிப்ரவரியில் விளிம்பைத் தாண்டித் துருக்கம்பிகளைச் சுற்றிக்கொண்டது. அவர் கேட்டதெல்லாம் நடந்தது. ஓர் இடம் தவிர. வலமிருந்து மூன்றாவது செடிக்கு மேல், கான்கிரீட் அப்படியே சாம்பலாகத் தெரிந்தது. அங்கே போகிற தளிர்களையெல்லாம் யாரோ பக்கவாட்டில் திருப்பித் திருப்பிக் கட்டியிருந்தார்கள்.

ஈஸ்டருக்கு வந்த நூன்சியா ஆச்சரியப்பட்டுப் போனாள். பிறகு முகம் சுளித்தாள். "இங்க மட்டும் ஏன்ப்பா சொட்டை?"

ஏத்தொரே தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ஆளு நிக்கற மாதிரியே இருக்கு மாமா. தலை, தோளு, இங்க பாருங்க கை. இந்தக் கை மட்டும் தூக்கியிருக்கு. கதவத் தட்டற மாதிரி." சிரித்தான். கயெத்தானோவும் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

"விளையாட்டில்லப்பா. விருந்துல எல்லாரும் இதைத்தான் பாப்பாங்க. மூடலன்னா திங்கக்கிழமை மிஷின்."

அவர்கள் ஊருக்குப் போனதும் ஒரு நாணல் குச்சியை எடுத்து அந்த வெற்றிடத்தை அளந்தார். வீத்தோ குட்டை ஆள். அவருடைய தோளுக்குத்தான் வருவான். வெற்றிடமும் அவ்வளவுதான் இருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது. ஏன் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மே மாதம் மறுபடி அளந்தார். குச்சி போதவில்லை. ஒரு சாண் உயர்ந்திருந்தது. தோள் அகன்றிருந்தது. அவர் சுவரோடு ஒட்டி நின்று, உச்சந்தலையில் கையை வைத்து, அப்படியே கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார்.

சரியாக அவர் உயரம்.

அன்றிலிருந்து அவர் தெரிந்த வழியெல்லாம் செய்துபார்த்தார். தளிர்களை அவிழ்த்து வெற்றிடத்தின் குறுக்கே இழுத்துக் கட்டினார். ஒடிந்த தண்டிலிருந்து பால் வடிந்து விரல்களை ஒட்டவைத்தது. மறுநாள் நாலு மணிக்கு அத்தனையும் பழைய இடத்தில். பச்சைச் சாயம் அடித்தார். செதில் செதிலாக உரிந்து விழுந்தது. நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். சிள்வண்டுச் சத்தம் காதை அறுக்க, சிரோக்கோ என்கிற தெற்கு வெக்கைக் காற்று தூசியைக் கொண்டுவந்து உதட்டில் பூச, பூக்கத் தொடங்கியிருந்த கொடியின் தித்திப்பு வாசனை மூக்கில் ஏறி மண்டையை அழுத்த, கண்ணை மூடவே கூடாது என்று தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், சிள்வண்டுகள் மொத்தமாக ஒரு நொடி ஓய்ந்ததை மட்டும் கேட்டார்.

விழித்தபோது நாலு மணி. இடது மணிக்கட்டு நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. இரண்டு சுற்று. ஒரு முறுக்கு. தோல் நசுங்காமல், அத்தனை பக்குவமாக.

அறுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கல்யாண நாள். கோயிலில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்யாணப் பூசை. தோட்டத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள், தலைகீழாகக் கவிழ்த்த கண்ணாடிக் கோப்பைகள். மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு உறங்கியது. அலங்காரம் பண்ண வந்த பெண்கூட மாடியில் சுருண்டுவிட்டாள். கயெத்தானோ வெளியே வந்தார். தொட்டிச் சுவர் முழுக்க வெள்ளை. இலை தெரியவில்லை. அதற்கிடையில் அந்த ஒரு ஆள் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டிருந்தான்.

இன்றைக்கு மட்டும். ஒரு சாயங்காலம் தாங்கினால் போதும். மகள் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டால் போதும். மிஷின் வராது. பிறகு அவன் பாட்டுக்கு நிற்கட்டும்.

தொட்டியின் மேலிருந்து தொங்கிய நீளத் தண்டுகளை ஒன்றாகச் சேர்த்து இழுத்தார். அந்தப் பக்கக் கம்பிக்கு எட்டவில்லை. பாரத்தில் முன்னால் சரிந்திருந்த கொடிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தால்தான் எட்டும். பக்கவாட்டில் நுழைந்தார். முதுகில் கான்கிரீட் பட்டது.

ஜில்லென்று இருந்தது. அந்த வெயிலில்.

ஒரு கணம் நன்றாகக்கூட இருந்தது. இடது கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தார். வலது கையால் தண்டை வளைத்தார். பால் வடிந்து மணிக்கட்டில் இறங்கியது.

சிள்வண்டுகள் ஓய்ந்தன.

நாய் வாலால் தரையை அடித்தது.

பின்னால், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், டொக்.

கையை இழுத்தார். வரவில்லை. பார்த்தார். கட்டியிருந்தது. மற்ற கை. அதுவும். யாரும் இல்லை. வெயில் மட்டும். மேசைகள் மட்டும். கணுக்காலில் ஈரமாக ஒன்று சுற்றியது. இரண்டு சுற்று. முறுக்கு. முழங்கால். இடுப்பு. நிதானமாக. அவசரமே இல்லாமல். நாள் முழுக்க இருப்பவனைப் போல. கத்த வாயைத் திறந்தார். திறந்த வாயில் குறுக்கே விளார். பட்டையின் கசப்பு. நெற்றியில் ஒன்று. தலை சுவரோடு சேர்ந்தது. பிறகு தளிர்கள். ஒவ்வொன்றாக. இலை ஒதுங்கி, ஒதுங்கி, மூடி. முகத்தின் முன்னால் பூக்கள்.

தாகம். அப்படி ஒரு தாகம்.

நாலு மணிக்கு ஜன்னல்கள் திறக்கும் சத்தம் கேட்டது. கல்யாண உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நூன்சியா ஓடி வந்தாள். இலை இடுக்கு வழியாக அவள் முகம் தெரிந்தது. கையெட்டும் தூரம்.

"ஏத்தொரே! இங்க வா! அப்பா மூடிட்டாரு! எப்படி மூடினாருன்னு பாரேன்!"

ஏத்தொரே மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்துவிட்டு விசில் அடித்தான். "மாமா சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரே. எங்க அவரு?"

"நமக்கு முன்னாடியே கோயிலுக்குப் போயிருப்பாரு. அவருக்குக் காத்திருக்கவே தெரியாது."

மேசைகளுக்கு வைக்கும் பூத்தொட்டிகளோடு நர்சரி வண்டி வந்து நின்றது. ஒரோன்சா இறங்கினாள். சுவருக்கு நேராக வந்து நின்றாள். அவர் கண் இருந்த இடத்தை அவள் கண் சரியாகக் கண்டுபிடித்தது. கயெத்தானோ உடம்பில் இருந்த பலமெல்லாம் சேர்த்து முனகினார். ஓர் இலைகூட ஆடவில்லை.

"மிஷினை வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள் நூன்சியா. கண் கலங்கியிருந்தாள். "எங்கப்பா கை பட்டது. நான் இருக்கற வரைக்கும் இந்தச் சுவர யாரும் தொடக் கூடாது."

"தொடவே கூடாதும்மா" என்றாள் ஒரோன்சா. "கத்தரிக்கோலே படக் கூடாது. தண்ணியும் வேணாம். வேர் புடிச்சாச்சு. இனிமே அதுவா பாத்துக்கும்." தொங்கிக்கொண்டிருந்த கடைசித் தளிர் ஒன்றை எடுத்து, அவருடைய இடது கண்ணின் மேலாக வளைத்து, பக்கத்துக் கம்பியில் மென்மையாகச் செருகினாள்.

கோயிலுக்குப் புறப்படும் முன் புகைப்படக்காரன் எல்லோரையும் சுவருக்கு முன்னால் நிறுத்தினான். மிச்சமிருந்த ஒரு கண்ணுக்கு மகளின் பின்கழுத்து தெரிந்தது, கொண்டையில் செருகிய முத்து ஊசிகள் தெரிந்தன, அவள் பூசியிருந்த வாசனைத் தைலம்கூட மூக்கில் பட்டது. இன்னும் நெருங்கி நில்லுங்க என்றான் புகைப்படக்காரன். எல்லோரும் சிரித்தபடி ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

கயெத்தானோவின் முதுகுக்குப் பின்னால், கான்கிரீட்டுக்குள், ஒருவன் சற்றே ஒதுங்கி அவருக்கு இடம் விட்டான்.